மலையூரில் மாமாவை விசாரித்த கதை

பத்து வயதில் எங்கள் வீட்டின் வெளிவிவகாரம் முழுவதும் என் கையில்தான் இருந்தது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் இருந்த தொடர்மாடியின் நாலாம் மாடிக்கு எந்தக் கடிதம் வந்தாலும் உடைத்து வாசிப்பவள் நான். டொக்டரிடம் அம்மாவின் முழங்கால் வலியை எடுத்துச் சொல்பவள் நான். கட்டட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, குரலைத் தடிப்பாக்கி, சமையலறைக் குழாய் மூன்று கிழமையாக ஒழுகுகிறது என்று முறையிடுபவளும் நான்தான்.

இந்த உத்தியோகத்தில் எனக்குச் சில வசதிகளும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் நாளில் ஆசிரியைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். பிள்ளை வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள் என்று ஆசிரியை ஆங்கிலத்தில் குறைப்பட்டால், பிள்ளை எந்த நேரமும் நன்றாகக் கதைக்கிறாளாம் என்று அம்மாவுக்குத் தமிழில் சொல்லுவேன். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை, கொஞ்சம் திருத்தினேன், அவ்வளவுதான். அம்மா "அப்பிடியோ" என்பார். அந்த "அப்பிடியோ" எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அம்மா என்னை முழுக்க நம்புகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என்னை அப்பா முதலாம் வகுப்பிலேயே பிரெஞ்சு மொழியில் படிப்பிக்கும் பிரிவில் சேர்த்திருந்தார். கனடாவில் பிரெஞ்சு தெரிந்தால் அரசாங்க வேலை வீடு தேடி வரும் என்று அவருடைய தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அரசாங்கம் இன்னும் எங்கள் வீட்டைத் தேடி வரவில்லை. ஆனால் தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் அந்தப் பிரெஞ்சுக்கு முதலாவது வேலை கிடைத்தது. பிரான்சில் ஒரு மலையூருக்குப் போய், அம்மாவின் தம்பியைப் பற்றி விசாரிக்கும் வேலை.

மாமா நாட்டைவிட்டு வெளிக்கிட்டுப் பிரான்சுக்குப் போய் ஒன்பது வருடம். அவருக்கு முப்பத்துமூன்று வயதாகிவிட்டது. அம்மா தொலைபேசியில் கலியாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "கார்ட் முடியுது அக்கா" என்பார், தொடர்பு அறுந்துவிடும். அவர் வாங்கும் கார்டுகள் எல்லாம் கலியாணம் என்ற சொல்லோடு முடிகிற கார்டுகளாகவே இருந்தன. கடைசியில் அம்மா அவரைக் கேட்காமலே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். தூரத்தில் இல்லை, எங்கள் கட்டடத்திலேயே ஏழாம் மாடியில். சாதகம் பார்த்ததில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தது.

அந்த ஏழாம் மாடி அக்காவை எனக்கு மிகவும் பிடிக்கும். என் நகங்களுக்குப் பொலிஷ் பூசிவிடுவார், வங்கியில் வேலை செய்துகொண்டே இரவில் படிப்பார். அவருடைய தகப்பன் ஊரில் இறந்துபோனார், தாய்தான் தனியாக வளர்த்தவர். அந்தத் தாய்க்கு ஒரேயொரு சந்தேகம் இருந்தது. பிரான்சில் தமிழ்ச் சனம் எல்லாம் பாரிசில் கடையும் கோயிலுமாக இருக்க, இந்தப் பெடியன் மட்டும் ஏன் தமிழ் வாசமே இல்லாத ஒரு மலைக்கு மேலே போய் இருக்கிறான்? அவர் அம்மாவிடம் வந்து, எங்கள் சோபாவின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்.

"நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எனக்கு அது காணும். உங்களை நம்பி என்ரை பிள்ளையைக் குடுக்கிறன்."

மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரிப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. பெண் வீட்டார் ஆளனுப்புவார்கள். வந்தவர் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்தபடி, இன்னாருடைய மகன் எப்படி, குடிக்கிறவனா, வேறு சோலி சுரட்டு உண்டா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார். சொந்தத் தம்பியையே விசாரிக்கப் போன முதல் ஆள் என் அம்மாவாகத்தான் இருப்பார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். மாமாவிடம் என்னை விடுமுறைக்குக் கூட்டி வருவதாக மட்டும் சொல்லப்பட்டது.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. கலியாணத்தில் பூத்தட்டம் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளைக்கு முன்னால் நடப்பது நான் என்று முடிவாகியிருந்தது. அதற்குச் சிவப்புப் பட்டுப்பாவாடை தருவதாக அம்மா வாக்குத் தந்திருந்தார். ஜெராட் வீதியில் மூன்று கடை ஏறி இறங்கி, பெண்ணுக்கு என்று மாம்பழ நிறத்தில் ஒரு காஞ்சிபுரமும் வாங்கியாயிற்று. மாமாவுக்குக் காட்டுவதற்காக அதையும் பெட்டியில் வைத்தார். என் பாவாடை சிவப்பு என்பதை நான் கட்டடம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

பாரிசிலிருந்து நாலு மணித்தியாலம் ரயில். மாமா தான் சமையல் செய்யும் விடுதியின் வான் வண்டியோடு ஸ்டேஷனில் நின்றார். அம்மா அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை, அது எங்கள் வழக்கமில்லை. மெலிஞ்சு போனாய் என்று மட்டும் சொன்னார். மாமா கொஞ்சமும் மெலியவில்லை, கன்னமும் வயிறும் நன்றாகவே இருந்தன.

கீழேயிருந்து பார்க்கும்போது, வயல்களுக்கு நடுவில் தனியாக ஒரு மலை, அதன் உச்சியில் கல்வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. நடுவில் மாதா கோயிலின் மணிக்கூண்டு. வான் பாதிவரைதான் போகும், பிறகு கல்படி. யாழ்ப்பாணத்தின் சமதரையில் பிறந்து வளர்ந்த அம்மா, சேலையும் ரனிங் சூசுமாகப் பத்துப் படிக்கு ஒருதரம் நின்றார். கீழே இவ்வளவு நல்ல நிலம் கிடக்க எந்த விசரன் இங்கே கொண்டுவந்து ஊரைக் கட்டினான் என்று கேட்டார். பிறகு கிணறு எங்கே என்று கேட்டார். கிணறு இல்லை, குழாய்த் தண்ணீர்தான் என்று மாமா சொன்னதை அவர் கடைசிவரை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

மாமாவின் அறை விடுதிக்கு மேலே இருந்தது. கட்டில், கதிரை, ஒரு கொளுவியில் ஒரு சேர்ட். சோறு காய்ச்சும் சட்டியின் அடியில் கடையில் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் இருந்தது. உள்ளே போனதும் மாமா லைட் சுவிட்சுக்காகச் சுவரைத் தடவினார். கதவுக்கு இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். கடைசியில் நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்துப் போட்டேன். சொந்த அறையிலேயே சுவிட்சைத் தேடுகிறாரே என்று விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அம்மா அந்தச் சட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அம்மா அக்காவின் படத்தையும் சாதகக் குறிப்பையும் சேலையையும் கட்டில்மேல் எடுத்துப் பரப்பினார். மாமா படத்தை நெடுநேரம் பார்த்தார். நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு இந்த ஊர்க் காளானில் முட்டைப் பொரியல் எப்படிச் செய்வது என்று விளக்கத் தொடங்கினார். அம்மா எட்டுப் பொருத்தத்தைச் சொன்னார். மாமா காளான் எந்த மாதத்தில் முளைக்கும் என்று சொன்னார். மாமாவுக்கு என் அம்மாவிடம் எப்போதும் பயம். சின்ன வயதில் அவரைக் குளிப்பாட்டி, தலை சீவிப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவர் அம்மாதான். அந்தப் பயம் முப்பத்துமூன்று வயதிலும் தெளிந்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலை பத்து மணி. மாமா கீழே சமையலறையில் வேலையாக இருந்தார். அம்மா பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு எழும்பினார்.

"வா பிள்ளை, கொஞ்சம் விசாரிச்சுப்போட்டு வருவம்."

முதலாவதாகச் சிக்கியவர்கள் தண்ணீர்த் தொட்டியடியில் இருந்த மூன்று கிழவர்கள். நான் போய் வணக்கம் சொன்னதும் அவர்களுக்குப் பெரும் புதினம். என் ஆசிரியை கியூபெக் என்ற கனடாவின் பிரெஞ்சு மாகாணத்துப் பெண், ஆகவே என் பிரெஞ்சும் கியூபெக் பிரெஞ்சு. மண்ணிறத் தோலும் அம்மாவின் சேலையும் கியூபெக் உச்சரிப்பும் ஒன்றாகப் படியேறி வந்ததை அவர்கள் முன்பின் கண்டிருக்கமாட்டார்கள். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். விடுதியில் சமைக்கிறவர் குடிப்பாரா? ஏன் குடிக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடுதான் குடிக்கிறார், நல்ல வைன் எது என்று எங்களைவிட அவருக்குத் தெரியும் என்று நடுவில் இருந்தவர் பெருமையோடு சொன்னார். நான் அம்மாவிடம் திரும்பினேன். இல்லையாம் என்றேன். சூதாடுவாரா என்று அடுத்த கேள்வி. இரும்புக் குண்டு உருட்டுகிற பந்தயத்தில் எங்கள் பணத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறார் என்று சொல்லி மூவரும் சிரித்தார்கள். விளையாட்டில் நல்ல கெட்டிக்காரராம் என்றேன்.

"அப்பிடியோ" என்றார் அம்மா.

தபால் கந்தோரில் இருந்த பெண் கனடாவிலிருந்து வரும் பொதிகளைப் பற்றி மட்டும் சொன்னாள். அங்கே எனக்குத் திருத்த வேலை இருக்கவில்லை. பிறகு பாண் கடைக்குப் போனோம். கடைக்காரி மாவு படிந்த பெரிய கைகளும் உரத்த குரலும் உள்ளவள். அம்மா ஒரு நீட்டுப் பாணைக் காட்டி வாங்கிக்கொண்டு, என் காதருகே குனிந்தார். முக்கியமான கேள்வியை அதற்காகத்தான் வைத்திருந்தார் போலும்.

"இவருக்கு இஞ்சை ஆரோடையும் பழக்கம் இருக்கோ எண்டு கேள்."

நான் கேட்டேன். கடைக்காரிக்கு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. பாண் எடுத்துக் கொடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்து ஆசிரியையும் அவரும் நாலு வருடமாக ஒன்றாக இருக்கிறார்கள், கோயிலுக்குப் பின்னால் நீல யன்னல் வீடு. இந்த மூன்று நாலு நாளாக அவர் மட்டும் விடுதிக்கு மேலே படுக்கிறாராமே, இருவருக்கும் சண்டையா, உனக்கு ஏதும் தெரியுமா என்று என்னிடமே கேட்டாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. மூன்று வயது. இவ்வளவு உயரம் என்று கையை இடுப்புக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ஞாயிறு காலையில் தகப்பன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பணிஸ் வாங்க வருவார் என்று தன் தோளைத் தட்டினாள். பிள்ளையின் பெயரையும் சொன்னாள்.

எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்குச் சொல்லித் தப்பலாம், ஆனால் விளங்கியது. அந்தக் கணத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது சிவப்புப் பட்டுப்பாவாடை. கலியாணம் என்பது ஒரு நாள் விசேஷம் என்று நினைத்திருந்தேன். மாமா ரொறன்ரோவுக்கு வருவார், மணவறையில் இருப்பார், நான் பூத்தட்டம் தூக்குவேன், பிறகு அவர் திரும்பி வந்து பணிஸ் வாங்கலாம். அதில் யாருக்கு என்ன நட்டம்? ஏழாம் மாடி அக்காவைப் பற்றி நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. என் சொல்லை நம்பி அம்மா சொல்ல, அம்மாவின் சொல்லை நம்பி அந்தத் தாய் மகளை அனுப்பியிருந்தால் என்று நினைக்கும்போது, நாற்பது வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"என்ன சொல்லுறா?" என்றார் அம்மா.

"மாமா நல்லவராம். ஞாயிற்றுக்கிழமையிலை பணிஸ் வாங்க வருவாராம்."

"இவ்வளவு நேரமாச் சொன்னது இவ்வளவுதானோ?"

"பிரெஞ்சிலை ஒரு விசயத்தைச் சொல்லக் கனக்கச் சொல்லு வேணும் அம்மா."

"அப்பிடியோ."

கடையை விட்டு வெளியே வந்தோம். கோயிலுக்கு முன்னால் இடுப்பளவில் ஒரு கல்மதில் இருந்தது. அதில் ஏறி இருந்தால் கீழே வயல்களும் ஆறும் தெரியும். அம்மா பாணை முறித்து எனக்குப் பாதி தந்தார். சம்பல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். பிறகு வயலைப் பார்த்தபடியே கேட்டார்.

"கையை இப்பிடி இடுப்புக்கு நேரை பிடிச்சுக் காட்டினாவே, என்னத்தை?"

"நாயை. அவையின்ரை நாய் அவ்வளவு உயரமாம்."

"தோளையும் தட்டிக் காட்டினா."

"அந்த நாய் பாயுமாம். ஆக்களின்ரை தோளிலை பாயுமாம்."

எவ்வளவு இலகுவாக வருகிறது என்று எனக்கே என்மேல் மதிப்பாக இருந்தது. அம்மா பாணின் கரையைக் கிள்ளி வாயில் போட்டார்.

"நாய்க்கு என்ன பேராம்?"

நாய்க்குப் பெயர் வைக்க எனக்கு நேரமிருக்கவில்லை. கடைக்காரி சொன்ன பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அழகான பிரெஞ்சுப் பெயர், அதையே எடுத்துப் போட்டேன்.

"லீலா."

அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். முதலில் மெல்லத்தான் சிரித்தார், பிறகு அடக்கமுடியாமல், மதிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வயிற்றை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாயோ, நாயோ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊரைவிட்டு வந்தபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தார், சிரிப்பு நின்றபிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். என் பொய்க்கு இவ்வளவு வெற்றியா என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதோடு விசாரணை முடிந்தது. இன்னும் இரண்டு கடைகள் மிச்சம் இருந்தும் அம்மா கேட்கவில்லை. மத்தியானம் விடுதியில் மாமா தன் கையால் சமைத்த காளான் பொரியலைக் கொண்டுவந்து வைத்தபோது, உன்ரை ஊர்ச் சனம் நல்ல சனம், எல்லாரும் உன்னைப் பற்றி நல்லாத்தான் சொல்லுகினம் என்றார் அம்மா. மாமாவின் கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு கண்ணை மூடிக் காட்டினேன். அவர் உள்ளே போய் எனக்கு மட்டும் இரண்டு கரண்டி ஐஸ்கிறீம் கூடுதலாக வைத்துக் கொண்டுவந்தார். எங்கள் இருவருக்குள்ளும் உடன்படிக்கை ஏற்பட்டுவிட்டது என்று நான் நினைத்தேன்.

அதன்பிறகு நாங்கள் இருந்த மூன்று நாளும் அம்மா கலியாணப் பேச்சை எடுக்கவில்லை. மாமாவின் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். தபால் கந்தோரைத் தாண்டிப் பள்ளிக்கூடப் பக்கம் போகவேண்டாம், முழங்கால் நோகிறது என்றார். புறப்படும் நாள் ரயில் மேடையில், பெட்டியைத் திறந்து காஞ்சிபுரச் சேலைப் பொதியை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"இந்தா தம்பி. இதை உரிய ஆளிட்டைக் குடு."

மாமா இரண்டு கையாலும் வாங்கினார். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அம்மா அவருடைய தலையில் கைவைத்தார். நான் பெரிய குழப்பத்தில் நின்றேன். உரிய ஆள் எங்கள் வீட்டுக்கு மூன்று மாடி மேலே இருக்கிறார். நாங்கள் நேரே அங்கேதான் போகிறோம். சேலையை ஏன் இந்த அழுகிற மனிதரிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும்? ரயிலில் இதைக் கேட்டேன். பெட்டி பாரமாக இருந்தது என்றார் அம்மா.

ரொறன்ரோவுக்கு வந்த மூன்றாம் நாள், சாமான்கள் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினோம். உள்ளே அக்காவின் தாய், ஏழாம் மாடி அன்ரி நின்றார். கதவு மூடியது. அவர் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தார். அம்மாவும் பார்வையைத் திருப்பவில்லை.

"சாதகத்தைத் திருப்பிப் பாத்தனாங்கள் அக்கா. பொருந்தேல்லை."

அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து, ஓம், பொருத்தம்தானே முக்கியம் என்றார். நாலாம் மாடி வந்தும் அந்தக் கையை விடவில்லை. நான்தான் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் வந்தது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போகும்போது எட்டாக இருந்த பொருத்தம் வரும்போது எப்படி இல்லாமல் போகும் என்று அம்மாவோடு வாதாடினேன். சாத்திரியார் சரியாகப் பார்க்கவில்லை என்றார். நான் நிலவறையில் இருந்து சாதகம் பார்க்கும் அந்தச் சாத்திரியாரைப் பல மாதம் மனதுக்குள் திட்டினேன். அந்த மனிதர் ஒரு பாவமும் அறியாதவர்.

அடுத்த வருடக் கோடையில் ஏழாம் மாடி அக்காவுக்கு ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்சில் மாப்பிள்ளை சரிவந்தது. நல்ல மனிதர், இன்றுவரை நல்லாயிருக்கிறார்கள். அக்கா தானாகவே கேட்டு என்னைப் பூத்தட்டம் தூக்கவைத்தார். அம்மா சொன்ன வாக்குப்படி சிவப்புப் பட்டுப்பாவாடை வந்தது. நான் நினைத்ததையெல்லாம் கடைசியில் சாதித்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு, மண்டப வாசலில் தட்டத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அம்மாவின் ஊர்க்காரப் பெண் ஒருவர், வன்னியெல்லாம் அலைந்து அந்த மாதம்தான் கனடாவுக்கு வந்து சேர்ந்தவர், உள்ளே வந்தார். சனத்தை விலக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "எடி லீலா" என்று கூப்பிட்டார்.

அம்மா திரும்பினார்.

என் அம்மாவின் பெயர் கடவுச்சீட்டில் வேறு. நான் நிரப்பிய அத்தனை படிவங்களிலும் அந்த நீண்ட பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அப்பா அம்மாவை இஞ்சரும் என்பார், மாமா அக்கா என்பார். வீட்டில் செல்லமாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்ததும், ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. கனடாவில் அதைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இருக்கவில்லை.

அம்மா அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். மலையூரில் கல்மதிலடியில் பார்த்த அதே பார்வை. அம்மாவுக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிட்டது என்பது, கையில் தட்டத்தோடு நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியென்றால் எனக்கு ஏன் அடி விழவில்லை என்பதுதான் விளங்கவேயில்லை.